மடிப்பில் உடையாதா, அண்ணா?



போன வாரம் ஒரு செல்போன் கடைக்குப் போயிருந்தேன். புதுப் போன் வாங்கத்தான் போனேன் என்று நினைத்துவிடாதீர்கள். என் பழைய போனுக்கு ஒரு சார்ஜர் வேண்டும், அவ்வளவுதான். அங்கே கவுண்டரின் மேல், மடிக்கும் போன் ஒன்றை ஒயரில் கட்டிப் பார்வைக்கு வைத்திருந்தார்கள். அதன் முன்னால் ஒரு சிறுவன் நின்றுகொண்டிருந்தான். ஐந்தாவதோ ஆறாவதோ படிப்பான். போனைத் திறக்கிறான், மூடுகிறான். மறுபடியும் திறக்கிறான், மூடுகிறான். மூடும்போதெல்லாம் 'டப்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தில் அவனுக்கு அத்தனை சந்தோஷம்!

(உங்களிடம் மறைப்பானேன்? அவன் கொஞ்சம் நகர்ந்ததும் நானும் இரண்டு தடவை 'டப்' செய்து பார்த்தேன்.)

அப்புறம் அவன் கடைக்காரப் பையனைப் பார்த்து, "இது மடிப்புல உடையாதா, அண்ணா?" என்று கேட்டான். "அதெல்லாம் உடையாது. அப்பாவைக் கூட்டிட்டு வா, வாங்கித் தரச் சொல்லு" என்று சிரித்தார் அந்த அண்ணன். அந்தப் பதில் சிறுவனுக்குப் போதவில்லை என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. எனக்கும் போதவில்லை. எத்தனை நல்ல கேள்வி அது! இந்தப் போன்களைச் செய்யும் உலகத்தின் பெரிய பெரிய நிறுவனங்கள் எல்லாம் பல வருடங்களாக மண்டையை உடைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு கேள்விக்காகத்தான். இந்த வாரம் அதைப் பற்றியே பேசுவோம்.

உங்கள் அம்மாவோ பாட்டியோ பீரோவில் இருக்கும் பட்டுப்புடவையை அவ்வப்போது வெளியே எடுத்து, பிரித்து, வேறு விதமாக மடித்து வைப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? கட்டாத புடவையை எதற்கு எடுத்து எடுத்து மடிக்க வேண்டும்? ஒரே இடத்தில் மடிப்பு விழுந்துகொண்டே இருந்தால் ஜரிகையும் பட்டும் அந்தக் கோட்டில் இற்றுப்போய்விடும். அதனால்தான் மடிப்பை மாற்றி மாற்றி வைக்கிறார்கள். பட்டுக்கு இந்த வசதி உண்டு. போனுக்குக் கிடையாது! இன்றைக்கு நடுவில் மடித்தோம், நாளைக்குக் கொஞ்சம் தள்ளி மடிப்போம் என்று மாற்ற முடியாது. ஆயுள் முழுக்க அதே கோடு. அங்கேயே வளைய வேண்டும், அங்கேயே நிமிர வேண்டும்.

பொருள்கள் ஏன் வளைத்தால் உடைகின்றன? உங்கள் பென்சில் பெட்டியில் பழைய ரப்பர் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். அதை இரண்டு விரல்களால் வளையுங்கள். வெளிப்பக்கம் இழுபட்டு, மெல்லிய விரிசல்கள் வாயைத் திறக்கும். உள்பக்கம் நசுங்கிச் சுருங்கும். வெளியே இழுவை, உள்ளே நெருக்கல். அப்படியானால் நடுவில்? நடுவில் எங்கோ ஓர் இடத்தில் இழுவையும் இல்லை, நெருக்கலும் இல்லை. மடிக்கும் திரையைச் செய்கிறவர்கள் சீக்கிரம் உடையக்கூடிய நுட்பமான பகுதியை அந்த நடு இடத்துக்குப் பக்கத்தில் வரும்படி பார்த்துப் பார்த்து அடுக்குகிறார்கள்.

இன்னொரு சோதனை. உங்கள் இருநூறு பக்க நோட்டை அப்படியே வளைத்துப் பாருங்கள். ஓரத்தில் தாள்கள் படிக்கட்டு மாதிரி ஒன்றுக்கொன்று நழுவி நிற்கும். தாள்கள் நழுவுவதால்தான் நோட்டு வளைகிறது. அத்தனை தாளையும் பசை போட்டு ஒட்டிவிட்டால் அது பலகைபோல் ஆகிவிடும், வளையாது. மடிக்கும் திரையும் ஒரு நோட்டுதான். பல மெல்லிய படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். நடுவில் போடுகிற பசைகூட மிக மென்மையானது. படலங்கள் கொஞ்சம் நழுவ இடம் கொடுக்கும், நிமிர்த்தினால் பழையபடி இழுத்துக்கொள்ளும். கண்ணுக்கே தெரியாத அந்தப் பசைக்கு எத்தனை வேலை பாருங்கள்!

நம் வீட்டுப் பழைய எல்.சி.டி. டி.வி.யை இப்படி மடிக்க முடியாது. அதில் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே திரவப் படிகம் இருக்கிறது. பின்னாலிருந்து ஒரு விளக்கு எரிய வேண்டும். வளைத்தால் நடு இடைவெளி மாறிவிடும், படம் கெட்டுவிடும். மடிக்கும் போனில் இருப்பது ஓ.எல்.இ.டி. திரை. அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிவிடும். பின்விளக்கு வேண்டாம். அமெரிக்காவில் கேமரா ஃபிலிம் செய்து புகழ்பெற்ற கோடக் நிறுவனத்தில் வேலை பார்த்த சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1987-ல் இதற்கு வழி காட்டினார்கள். ஒளிவிடும் அந்தப் படலங்கள் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியவை. எனவே அடியில் கண்ணாடிக்குப் பதிலாகச் சூடு தாங்கும் பாலிஇமைடு என்ற பிளாஸ்டிக்கைப் போட்டால் திரையே வளையும். செயற்கைக்கோள்கள்மேல் தங்கக் காகிதம் மாதிரி சுற்றியிருப்பார்களே, அதிலும் இந்தப் பிளாஸ்டிக் உண்டு.

திரை வளைந்தது சரி, மேலே மூடுகிற கண்ணாடி? கண்ணாடியாவது வளைவதாவது என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் எந்தப் பொருளையும் போதிய அளவு மெலிதாக்கினால் வளையும். 2020-ல் சாம்சங் வெளியிட்ட கேலக்ஸி இசட் ஃபிளிப் போனில் இருந்த கண்ணாடியின் பருமன் சுமார் 30 மைக்ரோமீட்டர். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோமீட்டர். நீங்கள் எழுதுகிற நோட்டுத் தாள் ஏறக்குறைய 100 மைக்ரோமீட்டர் இருக்கும். அதில் மூன்றில் ஒரு பங்குப் பருமனில் கண்ணாடி! அத்தனை மெலிந்த கண்ணாடிமேல் பாதுகாப்புக்காக ஒரு பிளாஸ்டிக் படலமும் உண்டு. நம் விரல் படுவது அந்த பிளாஸ்டிக்கின்மேல்தான். நகம் பட்டால் கீறல் விழுகிறதே என்று சிலர் அலுத்துக்கொள்வது இதனால்தான்.

அந்தப் படலத்தைச் சொல்லும்போது 2019-ல் நடந்த ஒரு கூத்தையும் சொல்ல வேண்டும். சாம்சங் தன் முதல் மடிக்கும் போனான கேலக்ஸி ஃபோல்டை அந்த வருடம் ஏப்ரல் 26-ல் விற்பனைக்குக் கொண்டுவருவதாக அறிவித்தது. விலை 1,980 டாலர். அதற்கு முன் சில பத்திரிகையாளர்களுக்குப் போனைக் கொடுத்து, பயன்படுத்திப் பார்த்து எழுதச் சொன்னது. புதுப் போன் வாங்கினால் நாம் முதலில் என்ன செய்வோம்? மேலே ஒட்டியிருக்கும் தாளை உரிப்போம். ஒரு சிலர் அப்படித்தான் உரித்தார்கள். அது மேல்தாள் இல்லை, திரையிலேயே ஒரு பகுதி! திரை போயே போய்விட்டது. உரிக்காமல் ஒழுங்காக வைத்திருந்த வேறு சிலருக்கும் தகராறு வந்தது. கீல் பக்கத்து இடுக்கு வழியாகத் துகள் உள்ளே போய்த் திரைக்கு அடியில் புடைத்துக்கொண்டது. உலகமே பார்த்துச் சிரிக்க, விற்பனையைத் தள்ளிவைத்தார்கள்.

எனக்கு இந்தக் கதையில் பிடித்தது அதற்கு அடுத்த பகுதிதான். அவர்கள் போனைத் திரும்ப வாங்கினார்கள், பிரித்துப் பார்த்தார்கள். யாரும் உரிக்க முடியாதபடி அந்தப் படலத்தின் ஓரங்களைச் சட்டத்துக்கு அடியில் செருகினார்கள். இடுக்குகளுக்கு மூடி போட்டார்கள். செப்டம்பர் மாதம் கொரியாவிலும், அக்டோபரில் நம் நாட்டிலும் மறுபடி விற்பனைக்கு வந்தது. அடுத்த வருடம் வந்த போனில் கீலுக்குள்ளேயே நைலான் இழைகளால் குட்டித் துடைப்பம் வைத்தார்கள். திறக்கும்போதும் மூடும்போதும் அது தூசியைப் பெருக்கித் தள்ளும்! 2021-ல் வந்த இசட் ஃபோல்டு 3 தண்ணீரைத் தாங்கியது. தூசியை அடக்கத்தான் ரொம்ப நாளாயிற்று. 2025-ல் வந்த கூகுளின் பிக்சல் 10 ப்ரோ ஃபோல்டுக்குத்தான் தூசியும் புகாது, தண்ணீரும் புகாது என்ற ஐ.பி.68 தரம் கிடைத்தது. நம் ஊர் மாட்டுப்பொங்கல் புழுதியில் அதை யாராவது சோதித்துப் பார்த்தால் எனக்கு எழுதுங்கள்.

இப்போது கொஞ்சம் கணக்குப் போடுவோமா? அந்த முதல் போனை 2 லட்சம் தடவை மடிக்கலாம் என்றது நிறுவனம். ஒரு நாளைக்கு 100 தடவை என்றால் எத்தனை நாள்? 2,000 நாள். ஏறக்குறைய ஐந்தரை வருடம். ஆனால் 2019-ல் ஓர் அமெரிக்கத் தொழில்நுட்பச் செய்தித்தளம் ஒரு மடிக்கும் எந்திரத்தை வைத்து அந்தப் போனை விடாமல் மடித்துப் பார்த்தது. சுமார் 1 லட்சத்து 20 ஆயிரம் மடிப்பிலேயே பாதித் திரை போய்விட்டது. எந்திரம் மனிதனைவிட முரட்டுத்தனமாக, நிறுத்தாமல் மடிக்கும் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். 2025-ல் வந்த புதிய திரை 5 லட்சம் மடிப்புகளைத் தாண்டியது என்கிறார்கள். அது எத்தனை வருடம் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். பதிமூன்றரைக்கு மேல் வரும். அந்தப் போனுக்கு மென்பொருள் புதுப்பித்துத் தருவதாகச் சொல்லியிருப்பது 7 வருடம்தான்!

ஆக, அந்தச் சிறுவனின் கேள்விக்குப் பாதிப் பதில் வந்துவிட்டது. சாதாரணமாக மடித்து விரித்தால், இன்றைய போன்கள் அத்தனை சீக்கிரம் உடைவதில்லை. நடுவில் ஒரு வரி மட்டும் தெரியும். ஒரு தாளை அழுத்தி மடித்தால் தழும்பு விழும், பென்சிலைச் சுற்றி வளைத்தால் விழாது, இல்லையா? அதேபோல் மூடும்போது திரை நீர்த்துளி வடிவத்தில் உள்ளே வளைந்து உட்காரும்படி கீலைச் செய்கிறார்கள். அதனால் இப்போது வரி ரொம்ப மங்கிவிட்டது.

அது சரி, இத்தனை பாடுபட்டு எதற்குப் போனை மடிக்க வேண்டும்?

நமக்கு இரண்டு ஆசைகள். திரை பெரிதாக இருக்க வேண்டும், போன் சட்டைப் பைக்குள் அடங்க வேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று சண்டை போடும் ஆசைகள். குடைக்கும் இதே சண்டை இருந்தது, மடக்குக் குடை வந்து தீர்த்துவைத்தது. படுக்க நீளமாகப் பாய் வேண்டும், காலையில் அது மூலையில் நிற்க வேண்டும் என்று நம் முன்னோர் சுருட்டினார்கள். 2021 டிசம்பர் 25-ல் விண்ணுக்குப் போன ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் கண்ணாடி ஆறரை மீட்டர் அகலம். அதை ஏற்றிப்போன ராக்கெட்டின் மூக்குக்கு அத்தனை அகலம் இல்லை. கண்ணாடியின் இரண்டு பக்கங்களையும் மடித்துவைத்து அனுப்பி, மேலே போனதும் விரித்தார்கள்.

உங்கள் அப்பாவிடம் கேளுங்கள். இருபது வருடத்துக்கு முன் அவர்கூட ஒரு மடக்கு போன் வைத்திருந்திருப்பார், அல்லது அதற்கு ஏங்கியிருப்பார். 1996-லேயே மோட்டோரோலா ஸ்டார்டாக் வந்துவிட்டது. 2004-ல் வந்த ரேஸர் ரொம்பப் பிரபலம். பேசி முடித்ததும் 'டப்' என்று மூடினால் ஒரு கம்பீரம்! அவற்றில் மடிந்தது போன்தான், திரை இல்லை. அந்த 'டப்'பின் ருசியை விற்பனைக்காரர்கள் மறக்கவில்லை. 2019-ல் அதே ரேஸர் பெயரில் மடியும் திரையோடு ஒரு போனை அறிவித்தது மோட்டோரோலா.

இத்தனை அழகு இருந்தும் வாங்குகிறவர்கள் மிகக் குறைவு. 2024-ல் உலகம் முழுவதும் விற்ற நூறு ஸ்மார்ட்போன்களில் இரண்டுகூட மடிக்கும் போன் இல்லை. காரணம் தேடி அலைய வேண்டாம், விலைச் சீட்டைப் பார்த்தால் போதும். 2025 ஜூலையில் வந்த இசட் ஃபோல்டு 7-ன் தொடக்க விலை நம் நாட்டில் 1,74,999 ரூபாய். அந்தப் பணத்தில் ஒரு ஸ்கூட்டர் வாங்கி, மிச்சத்தில் வீட்டுக்கு ஒரு ஃபிரிட்ஜும் வாங்கலாம். 2024 செப்டம்பரில் சீனாவின் ஹுவாவே, இரண்டு இடத்தில் மடிந்து மூன்று பலகையாக விரியும் போனைக் கொண்டுவந்தது. விரித்தால் 10 அங்குலத்துக்கும் மேல். விலை 19,999 யுவான். நம் பணத்தில் இரண்டு லட்சத்தைத் தாண்டும்.

முதலில் வருவதெல்லாம் நிலைத்துவிடும் என்றும் சொல்ல முடியாது. சாம்சங்குக்கு முன்பே, 2018-ல், மடிக்கும் போனை விற்பனைக்குக் கொண்டுவந்தது ராயோல் என்ற சீன நிறுவனம். அந்த நிறுவனம் 2024-ல் திவாலாகிவிட்டது. எல்.ஜி. நிறுவனம் 2021 ஜனவரியில் சுருளும் போன் ஒன்றைக் காட்டி ஆசை மூட்டியது. ஏப்ரல் மாதம் போன் தொழிலையே விடுவதாக அறிவித்துவிட்டது! அந்தப் போன் கடைக்கு வரவே இல்லை. ஆனால் அந்த யோசனை சாகவில்லை. 2025-ல் லெனோவோ காட்டிய மடிக்கணினி ஒன்றில் 14 அங்குலத் திரை, பொத்தானை அழுத்தினால் பாய் விரிகிற மாதிரி மேலே வளர்ந்து 16.7 அங்குலம் ஆகிறது.

இனி வரும் காலத்தில் விலை குறையும் என்றே நினைக்கிறேன். வண்ண டி.வி.யும் கேமரா போனும் ஒரு காலத்தில் பணக்காரர் வீட்டுப் பொருள்கள்தானே? எனக்குக் கவலை வேறு. கேள்வியின் மறு பாதி, குழந்தைகளே! தானாக உடையாது, சரி. கைதவறிக் கீழே விழுந்து உடைந்தால்? மூடும்போது உள்ளே ஒரு சிறு கல் மாட்டிக்கொண்டால்? சாதாரணப் போனின் திரை உடைந்தால் தெருமுனைக் கடை அண்ணன் சாயங்காலத்துக்குள் மாற்றித் தந்துவிடுகிறார். மடிக்கும் போனின் உள்திரையை மாற்றுவது அவ்வளவு சுலபமில்லை. அந்தச் செலவில் ஒரு நல்ல சாதாரணப் போனே வாங்கிவிடலாம். அப்படியானால் என்ன ஆகும்? சரிசெய்யாமல் தூக்கிப் போடுவார்கள். எத்தனை மூளைகள் சேர்ந்து செய்த கண்ணாடியும் கீலும் நாலைந்து வருடத்தில் மின்குப்பை!

ஐரோப்பிய ஒன்றியம் இதற்கு ஒரு சட்டம் போட்டிருக்கிறது. 2025 ஜூன் 20 முதல் அங்கே ஸ்மார்ட்போன் விற்கிறவர்கள், அந்த மாடலின் விற்பனை நின்று ஏழு வருடம்வரை அதன் உதிரிபாகங்கள் கிடைக்கச் செய்ய வேண்டும். பழுதுபார்ப்பது எத்தனை சுலபம் என்று போனுக்கு மதிப்பெண் போட்டு, அதை அட்டையில் எழுதியும் காட்ட வேண்டும். நீங்கள் மட்டும்தான் மார்க் ஷீட் காட்ட வேண்டுமா என்ன! நம் நாட்டிலும் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை அமைத்த குழு 2025-ல் இதே மாதிரி ஒரு மதிப்பெண் முறையைப் பரிந்துரைத்திருக்கிறது. அது சீக்கிரம் கடைகளுக்கு வர வேண்டும். '5 லட்சம் மடிப்பு' என்று கொட்டை எழுத்தில் போடும் விளம்பரத்தில், 'உள்திரை மாற்ற இத்தனை ரூபாய்' என்பதையும் அதே அளவு எழுத்தில் போடச் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

அன்றைக்கு நானே கேட்டுப் பார்த்தேன். "உள்திரை போனா மாத்த எவ்வளவு ஆகும் தம்பி?" என்றேன். கடைக்கார அண்ணனின் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. கம்ப்யூட்டரில் தேடினார். யாருக்கோ போன் போட்டார். கடைசியில் ஒரு துண்டுத் தாளில் தொகையை எழுதி, சத்தமில்லாமல் என் பக்கம் தள்ளினார். என் போன் மாதிரி நாலு வாங்கலாம்! அந்தச் சிறுவன் எட்டிப் பார்த்து, வாய்விட்டு எண்களைப் படித்து, போனிலிருந்து மெல்லக் கையை எடுத்தான்.

நான் அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். வந்த பிறகுதான் தெரிந்தது, சார்ஜர் வாங்க மறந்துவிட்டேன்.

அன்புடன்,
ஆசிரியர்